கவராயமும் கண்ணும்

எழுத்துக்கு இனம் உண்டா? ஈயத்துக்கு இரத்தம் உண்டா? கேட்டால் நகைப்பீர்கள், தோழர்களே! ஆனால் உண்டென்று ஓர் அரசே ஓங்கி உரைத்தது. அந்நாட்டில், அதே காலத்தில், எந்த இனத்துக்கும் உரிமை கொண்டாட முடியாத வடிவத்தில் எழுத்துச் சமைத்தவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் பால் ரென்னர். அவர் சமைத்த அச்செழுத்தின் பெயர் பியூச்சரா.

1927ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்துப் பாயர் வார்ப்படச்சாலை அதை வெளியிட்டது. ஜெர்மானிய நூல்களில் அன்று கோலோச்சியது பிராக்டூர் எழுத்து: முறிந்த கோடுகள், முறுக்கிய கொக்கிகள், பண்டை எழுத்தர்தம் பேனா போன போக்கெல்லாம் ஈயத்திலும் பதிந்த கோலம். பேனாவே இல்லாத இடத்தில் பேனாவின் பழக்கம் எதற்கு? ரென்னர் கவராயத்தையும் அளவுகோலையும் எடுத்தார். வட்டம், சதுரம், முக்கோணம். இவற்றிலிருந்து எழுத்தை எழுப்பினார். நம் காலத்தின் எழுத்து என்று விளம்பரம் செய்தது வார்ப்படச்சாலை.

இனி, அதன் தடித்த வடிவத்தைப் பார்ப்போம். சுவரில் ஒட்டினால் தெருக்கோடியில் நிற்பவனையும் தடுத்து நிறுத்தும் கருமை. ‘ஓ’ வட்டம் போல நிற்கிறது. ‘ஏ’ முக்கோணம் போல நிமிர்கிறது. பார்த்தவர் கூறுவர், இது வெறும் கணக்கு என்று. வகுப்பறையில் வடிவகணிதம் நடத்தும் நாமும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அளந்து பாருங்கள்! நெடுக்குக் கோட்டைவிடக் கிடைக்கோடு சற்றே மெல்லியது. வளைவு தண்டோடு சேரும் மூலையில் கோடு இளைக்கிறது. இளைக்காவிட்டால் அங்கே மை தேங்கிக் கறையாகும். ஒரே தடிப்பில் வரைந்தால் கிடைக்கோடு பருத்தும் நெடுக்குக்கோடு மெலிந்தும் தோன்றும். கண்ணின் இயல்பு அது. பேரெழுத்துகளின் அகலமோ பழைய உரோமானியக் கல்வெட்டைப் பின்பற்றியது: ‘ஓ’ முழு வட்டம், ‘ஈ’யும் ‘எல்’லும் அரைச் சதுரம். புதுமையின் புதல்வன் என்று போற்றப்பட்டவனுக்குப் பாட்டன் இரண்டாயிரம் ஆண்டு மூத்தவன்!

முதல் வரைவில் ரென்னர் இன்னும் துணிந்திருந்தார். ‘ஆர்’ என்னும் சிற்றெழுத்து ஒரு தண்டும் அருகே ஒரு புள்ளியும், அவ்வளவே. கணக்குக்கு அது இனித்தது, படிப்பவருக்குக் கசந்தது. பொதுப் பயனுக்கு வந்தபோது அத்தகைய உருவங்கள் விலக்கப்பட்டன. இந்த விலக்கைத்தான் நாம் அவருடைய பெருமை என்போம். கோட்பாட்டைக் காக்கக் கண்ணைக் குருடாக்கவில்லை அவர்.

குறையே இல்லையா? உண்டு. ‘ஏ’ சிற்றெழுத்து வட்டமும் தண்டுமாக இருப்பதால், விரைந்து படிக்கையில் ‘ஓ’வோடு மயங்குகிறது. தடித்த வடிவில் பத்து வரி படித்தால், பக்கத்து வீட்டார் உரக்கச் சண்டையிடுவது போல் களைப்பு வருகிறது. தலைப்புக்கு அரசன், பத்திக்கு ஆகான். 1929இல் பியூச்சரா பிளாக் என்று ஒன்று வெளிவந்தது. துளைத்தகட்டு எழுத்துப் போன்றது. பெயரில் உறவு, உருவில் இல்லை. அதை விடுவோம்.

1932இல் ரென்னர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். புதிய கலையையெல்லாம் பண்பாட்டுப் போல்ஷ்விசம் என்று ஏசிய நாஜிகளுக்கு விடை அது, சுவிட்சர்லாந்தில் அச்சாயிற்று. 1933 ஏப்ரலில் கைது. மியூனிக் நகரத்து அச்சுத்தொழிற் பள்ளியின் தலைமைப் பதவியும் பறிபோயிற்று. பிராக்டூர்தான் ஜெர்மானியனின் எழுத்து, தூய எழுத்து என்று முழங்கிய காலம் அது. பின்பு நடந்ததென்ன? 1941 ஜனவரி 3ஆம் நாள், மார்ட்டின் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை வந்தது: அந்தப் பழைய எழுத்து ஜெர்மானியருடையதே அல்ல, யூதர் எழுத்து, இனி வேண்டாம்! அந்தத் தாளின் முகப்போ அதே பழைய எழுத்தில்! பிடித்த நாடுகளில் ஆணைகளைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. தேவை மாறியது, தூய்மையும் மாறியது. எழுத்தின் இரத்தத்தை எந்த மருத்துவன் சோதித்தானோ, நாமறியோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துரத்தப்பட்டவர் படைத்த எழுத்து என்பதனாலேயே அதில் அச்சாவதெல்லாம் உண்மையாகிவிடாது. 1959இல் நியூயார்க்கில் தொடங்கிய வோக்ஸ்வாகன் விளம்பரங்களைப் பாருங்கள். இட்லர் திட்டமிட்ட கார். யூதரான பெர்ன்பாக் பங்காளியாயிருந்த விளம்பர நிறுவனம். நாஜிகள் பதவி பறித்தவரின் எழுத்து. மூன்றும் ஒரே தாளில்! விற்பனை ஓங்கியது. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டிலும் பியூச்சராவின் பேரெழுத்துகளே. மாந்தர் அனைவர் பெயராலும் பேசும் அத்தகட்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் கையொப்பமும் இருக்கிறது.

1980களில் பார்பரா குரூகர் என்னும் அமெரிக்க ஓவியர் அதன் தடித்த சாய்வெழுத்தை எடுத்தார். சிவப்புப் பட்டை, வெள்ளை எழுத்து. விளம்பரத்தின் குரலையே வாங்கி விளம்பரத்தையும் ஆணாதிக்கத்தையும் குத்தினார். இந்த எழுத்துக்குக் கிடைத்த பயன்களில் அதையே நாம் தலைசிறந்தது என மதிப்போம். 1994இல் நியூயார்க்கில் சுப்ரீம் என்றொரு துணிக்கடை பிறந்தது. சிவப்புப் பெட்டி, அதனுள்ளே வெள்ளையில் அதே தடித்த சாய்வெழுத்து. அதைச் சட்டையின் மார்பில் அச்சிட்டு விற்றார்கள். வரிசையில் நின்று வாங்கினார்கள் இளைஞர்கள்.