மலையும் மனிதனும்: நீலகிரி ஓவியத்தில் கட்டும் விடுதலையும்

நீலகிரி ஓவியத்தில் மனிதனின் கட்டும் விடுதலையும் எப்படி வந்திருக்கின்றன என்று எழுதித் தரும்படி எங்கள் ஓவியச் சங்கத்தின் மலர்க்குழு மூத்தோர் பணித்தார்கள். மலையைப் பற்றியென்றால் பக்கம் பக்கமாக எழுதலாம். மனிதன் என்றதும் தேட வேண்டியிருக்கிறது. 1837இல் லண்டனில் அச்சான ரிச்சர்ட் பாரனின் நீலகிரிக் காட்சிகள் தொட்டு நம் கண்காட்சி நீர்வண்ணங்கள் வரை, நிலக்காட்சி மரபில் மேகமும் சரிவுமே பெரும்பாலும் நாயகர்கள். தேயிலை கிள்ளும் பெண் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்களில் குடியேறியவர்களின் லயன் வீடுகளும், நடுவட்டத்தில் சீனக் கைதிகள் அடைபட்ட பழைய சிறையும் இதே மலையில்தான் நிற்கின்றன. படச்சட்டம் அவற்றுக்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. சரிவின் அழகை நான் குறை சொல்லவில்லை. ஆள் எதற்குள் நிற்கிறார் என்று காட்டாத படம் விடுதலையைப் பற்றியும் பேச முடியாது என்பதே என் கட்சி.

கல்லூரிப் படி மிதிக்காமலே இதை அறிந்தவர்கள் நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பர்கள். வெள்ளரிக்கொம்பையில் பழைய ஓவியங்களுள்ள எழுத்துப் பாறையும், கோயில் சுவரில் வரையும் வழக்கமும் அவர்கள் மரபோடு சேர்ந்தவை. அவர்களின் தேனெடுக்கும் படம் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். செங்குத்தாகப் பாறை, அதில் கொடி ஏணி, ஏணியில் குச்சிபோல் ஒரு மனிதன், சுற்றிலும் புள்ளி புள்ளியாகத் தேனீ. அவனைக் கட்டியிருக்கும் கொடிதான் அவனைப் பாறையில் இறங்கவும் விடுகிறது. வேங்கைப் பிசின், செம்மண், வெள்ளைமண், இலைச்சாறு, மரப்பட்டை என்ற சிறு வண்ணக்கூட்டத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. அந்தக் கூட்டமே ஒரு சிறைதானே, குறும்பர் வீட்டுப் பிள்ளை அக்ரிலிக்கில் வரைந்தால் என்ன என்று கேட்பார்கள். தாராளமாக வரையட்டும். பிசினை விடுவது தம் விருப்பத்திலா, வாங்குபவர் கேட்கும் பளபளப்புக்காகவா என்பதுதான் கேள்வி. 1882 சென்னை வனச் சட்டம் முதல் காடு காப்புக்காடாகிப்போன மக்களுக்கு, மரத்தடிக்குப் போய்ப் பிசின் எடுத்து வருவதே ஓர் உரிமை.

கோட்டோவியம் பழகிய எங்கள் வழி வேறு. ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, பின்னாளில் அதன் முதல்வர்களான ராய் சௌத்ரி, பணிக்கர், அங்கிருந்து எங்கள் ஆசிரியர். கூடையின் கனம் கழுத்தில் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் கிள்ளுபவரை வரையக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் கறுப்புக் கோடுகளால் வரைந்த காந்தியிலும் அந்தக் கனத்தைக் காணலாம். வங்கப் பாணி மென்கழுவலும் (வாஷ்) நம்மிடையே உண்டு. மூடுபனி அதில் அருமையாக வரும், ஆள்தான் கரைந்துபோவார். எங்கள் கோட்டுப் பிடிவாதத்தைக் கட்டுப்பெட்டித்தனம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கை பழகாதவனுக்குக் கிடைக்கும் சுதந்திரம், தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் சுதந்திரம்தான்.

அதைத்தான் இன்று சிலரிடம் பார்க்கிறோம். யாரையும் குறிப்பிடவில்லை, திறமைசாலிகள், இளையவர்கள், குடும்பம் இருக்கிறது. ஆனாலும் புகைப்படத்தைப் புரொஜெக்டரில் காட்டி ஓரம் பிடித்துவிட்டு ஓவியம் என்கிறார்களே! அதே மலை ரயில், அதே யூகலிப்டஸ், அதே ஏரிப் படகு. கிள்ளும் பெண்களுக்கு விரல் கிடையாது; மூக்கும் கிடையாது. கையொப்பம் மட்டும் பெண்ணைவிட உயரம். தங்க நிறச் சட்டத்துக்குச் செலவிடும் அக்கறையில் கால்வாசி தாளுக்கு உண்டா? பென்சில் சீவக்கூடத் தெரியாதவர்கள் பயிலரங்கு நடத்துகிறார்கள். திறப்பு விழாவில் பொன்னாடை முப்பது நிமிடம், படம் பார்க்க ஐந்து நிமிடம். மைக் பிடித்தால் பாராட்டு, படத்தின் முன் நின்றால் செல்ஃபி. விற்கிறதே என்பார்கள். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும்தான் விற்கிறது, நன்றாகவும் இருக்கிறது, அதை யாரும் கண்காட்சிக்கு வைப்பதில்லை. அடுத்த கண்காட்சியின் தேர்வுக் குழுவில் அமரப்போகும் மூத்தோருக்குப் பணிவான விண்ணப்பம்: ஓரம் பிடித்த படங்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆள் உள்ள படம், கோடு சற்றுத் தடுமாறியிருந்தாலும், உள்ளே வரட்டும்.