வகுப்பு மாற்றமும் வர்க்க நலனும்: இணையப் பாத்திர விளையாட்டுகள் பற்றி ஒரு நோக்கு

ஒரு காலகட்டத்தின் உற்பத்தி உறவுகள் அக்காலத்துப் பொழுதுபோக்குகளிலும் தம் முத்திரையைப் பதிக்கின்றன என்பது நாம் அறிந்ததே. ஆயினும் இணையவழிப் பாத்திர விளையாட்டுகளைச் சிறுவர் கேளிக்கையென ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. போர்வீரன், மந்திரவாதி, வைத்தியன் என ஆட்டக்காரரை வகுக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கிளாஸ்' என்னும் சொல்லே சமூக வர்க்கத்தையும் குறிக்கும். வகுப்பு, வர்க்கம் எனப் பிரித்தறியும் வசதி தமிழில் உண்டு. இவ்விரண்டும் எவ்விடத்துச் சந்திக்கின்றன என்பதே நமது வினா.

1974இல் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டினூடாகப் பரவிய இப்பகுப்பை, 2004இல் வெளிவந்த 'வேள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இறுக்கமாகப் பேணியது. தொடக்கத்தில் தெரிந்த வகுப்பைப் பின்னர் மாற்றவியலாது. வேறொன்றை விரும்புவோர் புதிய பாத்திரமொன்றை வளர்த்தெடுத்தல் வேண்டும். மாறாக, 2013இல் புத்துருப் பெற்ற 'ஃபைனல் ஃபன்டசி 14'இல் ஒரே பாத்திரம் ஆயுதத்தை மாற்றித் தன் தொழிலையும் மாற்றிக்கொள்கிறது. தொழில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்க்க வேண்டுமெனினும், கடந்துவந்த கதையும் ஈட்டிய உடைமையும் இழக்கப்படுவதில்லை.

இந்நெகிழ்வால் நன்மை பெறுவோர் யாவர்? பகலெல்லாம் உழைத்து இரவில் ஒரு மணிநேரம் மட்டும் ஆடக்கூடியவர் முதலில் பயனடைகிறார் என்பதை மறுத்தலாகாது. தவறான தெரிவுக்காக அவர் மீண்டும் முதற்படியில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் தொழில்களையும் வளர்த்தெடுக்க ஓய்வுநேரம் மிக்கவராலேயே இயலும். குழு 'இன்று நீ வைத்தியனாகு' எனக் கேட்கும்போது, மாறும் உரிமை மாறவேண்டிய கடமையாகத் திரிபடைகிறது.

இதற்கு ஒரு பொருளியல் அடிப்படையுண்டு. இவ்விளையாட்டுகளிற் பகைவரின் அடியைத் தாங்குவோரும் காயமாற்றுவோரும் அடிக்கடி தட்டுப்பாடாவர். 'வோர்கிராஃப்ட்' 2011இல் தட்டுப்பாடான பணியை ஏற்போருக்கு மேலதிக வெகுமதி வழங்கத் தொடங்கியது. 'ஃபைனல் ஃபன்டசி 14'இலும் இத்தகைய ஊக்குவிப்பு உண்டு. அருகிய உழைப்புக்குக் கூலி உயர்வதை இது ஒத்தது; ஆயின் இக்கூலி விளையாட்டு நாணயத்திலேயே கிடைக்கிறது. பல தொழில் வல்லவர் வெற்றிடத்தை நிரப்ப, ஏனையோரின் காத்திருப்புக் குறைகிறது; மாதச் சந்தா பெறும் கம்பனிக்குச் சேவை தடையின்றி நடக்கிறது.

நவீன பெருந்தொழில் உழைப்பாளரின் பல்திறனை வேண்டிநிற்பதையும், முதலாளித்துவ வடிவத்தில் அதுவே அவர்தம் வாழ்வின் நிலையாமையாவதையும் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் ஒருங்கே கண்டார். அவ்விரட்டைத் தன்மையின் சாயலை இங்கும் காண்கிறோம். விளையாட்டு ஆலையன்று, எவரும் விட்டு விலகலாம். ஆயினும் ஓய்வின் ஒழுங்கு உழைப்பின் ஒழுங்கை ஒத்துவருவது கவனத்துக்குரியது.

இறுக்கமான முறை கம்பனிக்குப் பாதகமானது எனக் கொள்வதும் பொருந்தாது. 2014இல் 'வோர்கிராஃப்ட்' ஒரு பாத்திரத்தை நேரே 90ஆம் படிக்கு உயர்த்தும் வசதியை 60 டொலருக்கு விற்றது. 'ஃபைனல் ஃபன்டசி 14' 2017 முதல் தொழிலுக்கொன்றாக அத்தகைய உயர்வை விற்றுவருகிறது. இரு முறைகளிலும் ஆட்டக்காரரின் நேரமே விலைபேசப்படுகிறது.

எனவே, நெகிழ்வு முற்போக்கானதா அன்றா எனப் பொதுப்பட வினவுவதிற் பயனில்லை. எப்போது, எதற்காக மாறுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அடிப்படை வினா. அத்தீர்மானம் ஆடுவோர் கையில் இருக்குமளவுக்கு நெகிழ்வு அவர்களுடையது. எஞ்சியது கம்பனியின் வசதியே.