கணினித் திரையில் எழும் கற்பனை நகரங்கள்: ஒரு திறனாய்வு

நகரத்தைப் படைத்துக் காட்டுவது இலக்கியத்திற்குப் புதியதன்று. பெருங்காப்பியத்திற்கு உரிய உறுப்புகளுள் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனையையும் சேர்த்துக் கூறுகிறது தண்டியலங்காரம். காப்பியப் புலவன் சொல்லால் நகர் அமைத்தான். அந்நகரில் தன் மாந்தரை உலவவிட்டான். இன்று உலகின் பல நாடுகளில் இளைஞரும் முதியவரும் கணினித் திரையில் நகர் அமைக்கின்றனர். அமைத்ததோடு நில்லாமல் அதற்குப் பெயர் சூட்டி, வரலாறு எழுதி, படங்களோடு கோத்து, தம்மைப் போன்ற ஆர்வலர்களின் பார்வைக்கு வைக்கின்றனர். இவற்றை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அருமை என்று கைதட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோரும் உளர். இரண்டும் திறனாய்வு ஆகா. ஒரு படைப்பு பிறர் பார்வைக்கு வந்துவிட்டால், அதனை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினாவும் உடன் வந்துவிடுகிறது. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் தோற்றம்

வில் ரைட் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய 'ரெய்ட் ஆன் பங்கலிங் பே' என்னும் கணினி விளையாட்டு 1984-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹெலிகாப்டர் ஒன்றைச் செலுத்தி, தீவுகளில் உள்ள தொழிற்சாலைகளைக் குண்டு வீசி அழிப்பதே அவ்விளையாட்டு. அத்தீவுகளை வரைவதற்கென அவர் ஒரு கருவியை ஆக்கிக்கொண்டார். அக்கருவியால் சாலைகளையும் கட்டடங்களையும் அமைப்பது, அவற்றை அழிப்பதைக் காட்டிலும் அவருக்கு மிகுந்த இன்பம் தந்தது. அவ்வின்பமே வளர்ந்து 1989-இல் மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட 'சிம்சிட்டி' ஆயிற்று. அதன் வழியில் 1993-இல் 'சிம்சிட்டி 2000', 1999-இல் 'சிம்சிட்டி 3000', 2003-இல் 'சிம்சிட்டி 4' ஆகியவை வந்தன. பின்லாந்து நாட்டின் தம்பெரே நகரைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய 'சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ்' 2015-இல் வெளியாகி, இம்மரபைத் தொடர்ந்தது.

இவ்விளையாட்டுகளின் இயல்பு நோக்கத்தக்கது. ஆடுபவர் நகரத் தலைவராகிறார். இது குடியிருப்பு நிலம், இது வணிக நிலம், இது தொழில் நிலம் என்று அவர் வரையறுக்கிறார். சாலை போடுகிறார், மின்சாரமும் நீரும் தருகிறார், வரி விதிக்கிறார். வீடு கட்டிக் குடியேறுவதோ கைவிட்டுப் போவதோ அவர் கையில் இல்லை. விளையாட்டின் உள்ளே இயங்கும் கணக்கு அதனைத் தீர்மானிக்கிறது. மேலும், நகரைத் தம் விருப்பப்படி வளர்க்கும் ஆட்டத்தில் இறுதி வெற்றி என்று ஒன்று வகுக்கப்படவில்லை. வெற்றி தோல்வி இல்லாத ஆட்டத்தை யார் வாங்குவார் என்று தொடக்கத்தில் பதிப்பாளர்கள் தயங்கியதும் உண்டு. ஆயினும், பகிர்ந்துகொள்ளும் வழக்கம் வேரூன்ற இக்குறையே காரணமாயிற்று எனலாம். 'வென்றுவிட்டேன்' என்று சொல்ல இடமில்லாத ஆட்டத்தில், 'வந்து பாருங்கள்' என்று சொல்வதே நிறைவு தருகிறது.

விதிகளுக்குள் மறைந்த கருத்து

இந்நகரங்களை மதிப்பிடுமுன், அவை வார்க்கப்படும் அச்சினை அறிதல் வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே பாரஸ்டர் 1969-இல் 'அர்பன் டைனமிக்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். நகரத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் கணினிச் சமன்பாடுகளாக்கிக் காட்டிய நூல் அது. வில் ரைட் தம் விளையாட்டிற்கு அந்நூலிலிருந்து பயன்பெற்றார். ஏழைகளுக்கென அரசு வீடு கட்டித் தருவது நகரின் நலிவை மிகுவிக்கும் என்னும் முடிவிற்குப் பாரஸ்டரின் கணக்கு வந்தது; அம்முடிவு கடுமையாக மறுக்கவும்பட்டது. ஒரு கணக்கு நடுநிலையானது போலத் தோன்றினும், அதனை எழுதியவரின் கருத்து அதனுள் உறைந்திருக்கும் என்பதற்கு இது சான்று.

2013-இல் வெளிவந்த புதிய 'சிம்சிட்டி' பற்றிய செய்தியும் ஈண்டு கருதற்பாலது. உண்மையான நகரங்களில் கார் நிறுத்துமிடங்கள் எத்துணைப் பரப்பை விழுங்குகின்றன என்பதை அளந்தறிந்த அதன் தலைமை வடிவமைப்பாளர், அவ்வளவு இடத்தையும் காட்டினால் விளையாட்டு சுவை குன்றும் என்று கருதிப் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகக் கூறினார். திரையில் தெரியும் நகரத்தின் அழகு, விட்டுவிடப்பட்ட ஒன்றன் மீது எழுந்த அழகு என்பது இதனால் பெறப்படும். விளையாட்டின் விதியை இயற்கை நியதி என நம்பி அமைக்கப்படும் நகரம் ஒருவகை. விதி விதியே என்று அறிந்து அமைக்கப்படும் நகரம் மற்றொரு வகை. திறனாய்வின் முதல் பணி இவ்விரண்டையும் பிரித்தறிவதாகும்.

நகரக் குறிப்பேடு

ஆர்வலர்கள் தம் நகரங்களைக் காட்டுவதற்குத் தமக்கென ஒரு வடிவத்தை வளர்த்துக்கொண்டனர். அதனை நகரக் குறிப்பேடு எனலாம். 'சிம்சிட்டி 4' இதற்குப் பெரிதும் துணைநின்றது. தனி நகரோடு நில்லாமல் ஒரு வட்டாரம் முழுவதையும் அமைக்க அவ்விளையாட்டு இடம் தந்தது. ஒரு பக்கம் 1, 2 அல்லது 4 கிலோமீட்டர் அளவுள்ள சதுரங்களாகப் பகுக்கப்பட்ட வட்டாரத்தில், துறைமுகம் ஓரிடத்தும் வயல்கள் ஓரிடத்தும் சிற்றூர்கள் ஓரிடத்தும் அமைந்தன. பல ஊர்கள் வந்ததும் அவற்றுக்கிடையே உறவும் பகையும் வரலாறும் தேவைப்பட்டன. எனவே படத்தோடு எழுத்தும் சேர்ந்தது.

இக்குறிப்பேடுகளில் இரு போக்குகளைக் காணலாம். ஒன்று எண்ணிக்கைப் போக்கு. மக்கள்தொகை இத்துணை இலட்சம், வானளாவிகள் இத்துணை, வரி வருவாய் இவ்வளவு என்று அடுக்கிச் செல்வது இதன் இயல்பு. விழாவின் ஆண்டறிக்கைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மற்றொன்று வாழ்வுப் போக்கு. நிலக்கரி தீர்ந்தபின் தேய்ந்த ஒரு சுரங்க ஊர், நெடுஞ்சாலை வந்ததால் இரண்டாகப் பிளந்த ஒரு தெரு, மூடப்பட்ட தொடர்வண்டி நிலையத்தின் எதிரே இன்னும் திறந்திருக்கும் ஒரு கடை எனக் காரண காரியத்தோடு நகரைக் காட்டுவது இது. இவ்வகைக் குறிப்பேட்டை எழுதுபவர், விளையாட்டின் கணக்கு தராத ஒன்றைத் தம் கற்பனையால் தருகிறார். கணக்கிற்கு அந்தக் கடைக்காரர் ஓர் எண். எழுதுபவருக்கோ அவர் ஒரு மனிதர். நகர வருணனைக்குக் காப்பியத்தில் இடம் உண்டாயிற்று எனின், மாந்தரின் வாழ்வு நிகழும் களமாக அது நின்றதனாலேயே ஆகும். அம்மரபில் பயின்ற கண்கள் இரண்டாம் போக்கையே இலக்கியத்தின்பாற்பட்டதாகக் கொள்ளும்.

மக்னசாந்தி தரும் பாடம்

எண்ணிக்கைப் போக்கின் எல்லையைத் தொட்ட படைப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் மக்னசாந்தி. பிலிப்பீன்சைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் ஒருவர் 'சிம்சிட்டி 3000' விளையாட்டில் அமைத்த நகரம் அது. திட்டமிடுவதிலும் அமைப்பதிலும் ஏறத்தாழ 4 ஆண்டுகள் செலவிட்ட அவர், 2010-இல் அதனை ஒரு காணொளியாக வெளியிட்டார். மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலட்சம். விளையாட்டின் கணக்கில் 50,000 ஆண்டுகள் அந்நகரம் குலையாமல் நின்றது. அங்கே சாலைகள் இல்லை. சுரங்கத் தொடர்வண்டிகளே உண்டு. போக்குவரத்து நெரிசல் இல்லை. கைவிடப்பட்ட கட்டடம் ஒன்றும் இல்லை. காவல் நிலையங்கள் வரிசை தவறாமல் நிற்கின்றன. பௌத்தத்தின் பவசக்கர வடிவைத் தழுவி, ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருமாறு அந்நகரம் வரையப்பட்டது.

பலர் அதனைக் கண்டு வியந்தனர். 'சிம்சிட்டியை வென்றவர்' என்று அம்மாணவர் பேசப்பட்டார். ஆனால் அவருடைய நோக்கமோ வேறு. காட்பிரி ரெஜியோ இயக்கி 1982-இல் வெளிவந்த 'கொயானிஸ்காட்சி' என்னும் திரைப்படம் தமக்குத் தூண்டுதல் என்று அவர் கூறினார். இயந்திர வாழ்வில் சமநிலை குலைந்த உலகைக் காட்டும் படம் அது. தம் நகரத்தில் தீயணைப்பு நிலையம் இல்லை, பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை, 50 வயதைக் கடந்து வாழ்வோர் அரியர் என்பதை அவரே எடுத்துரைத்தார். எண்ணிக்கை ஒன்றையே குறியாகக் கொண்டால் நகரம் என்ன ஆகும் என்பதை, அவ்வெண்ணிக்கையைக் கடைசிவரை கொண்டுசென்றே அவர் காட்டினார். பள்ளிகளை நீக்கிவிட்டால் ஒரு நகரம் தடையின்றி இயங்கும் என்று ஒரு கணக்கு சொல்லுமாயின், ஐயுறத்தக்கது பள்ளியா, அக்கணக்கா? ஆசிரியர் சமுதாயம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

மக்னசாந்தி சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் ஒரு குறையும் உண்டு. நகரத்தின் ஒழுங்கும் அளவும் கண்ணை நிறைக்கின்றன. அவ்வொழுங்கின் கீழ் நசுங்கிய மாந்தர் ஒருவரேனும் கண்முன் வருவதில்லை. ஆதலால் அங்கதம் பலருக்கு எட்டாமல் போயிற்று. ஆசிரியரின் பிற்கால விளக்கத்தைக் கேட்ட பின்னரே பலர் அதன் உட்பொருளை உணர்ந்தனர். போலந்து நாட்டு எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய ஒரு கதையை வில் ரைட் தமக்குத் தூண்டுதல் தந்தவற்றுள் ஒன்றாகக் குறித்துள்ளார். நாடு கடத்தப்பட்ட ஒரு கொடுங்கோலனுக்கு, பெட்டிக்குள் அடங்கும் சிறு நாடு ஒன்றைச் செய்து கொடுக்கிறான் ஒரு வல்லுநன். அப்பெட்டிக்குள் இருக்கும் சிற்றுயிர்களின் துன்பம் உண்மைத் துன்பம் ஆகாதோ என்று அவன் நண்பன் கேட்கிறான். மக்னசாந்தியில் எழாமல் போன குரல் அந்த நண்பனின் குரலே.

கூட்டுப் படைப்பும் அழியும் ஏடும்

இந்நகரங்கள் தனியொருவர் ஆக்கம் அல்ல. ஒருவர் வரைந்து அளித்த கட்டடத்தை மற்றொருவர் தம் தெருவில் நிறுத்துகிறார். 'சிம்சிட்டி 4' நகரங்களின் சாலை, தொடர்வண்டி அமைப்புகளை நிறுவனத்தார் தந்த அளவிற்கு மேல் பல மடங்கு விரிவாக்கியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே. எவர் பொருளைப் பயன்படுத்தினாலும் அவர் பெயரைச் சொல்வதும், பிறர் ஆக்கத்தை மறுபடி வெளியிடுமுன் இசைவு கேட்பதும் இவ்வட்டத்தில் நன்மரபாக நிலைத்துள்ளன. பிறர் கட்டுரையைத் தம் பெயரில் ஒப்படைக்கத் துணியும் மாணவர்க்கு இம்மரபு நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வட்டத்தில் குறைவாகக் காணப்படுவது கண்டிப்பான மதிப்புரையாகும். பாராட்டு எளிதில் கிடைக்கிறது. இச்சாலை ஏன் இங்கே வந்தது, இவ்வூரில் ஏழைகள் எங்கே வாழ்கின்றனர் என்று கேட்பவர் சிலரே. அச்சிலரே படைப்பாளிக்கு உண்மையான நண்பர். பாராட்டு அடுத்த படத்தை வெளியிடத் தூண்டும். வினா அடுத்த நகரத்தைச் சிந்தித்து அமைக்கத் தூண்டும்.

மற்றொரு குறை, ஏடு அழியும் இயல்பு. குறிப்பேடு எழுதியோர் பலர் தம் படங்களை வேறோரிடத்தில் சேமித்து, அங்கிருந்தே காட்டினர். அவ்வாறு பலருக்கும் பயன்பட்ட போட்டோபக்கெட் நிறுவனம், 2017-இன் நடுப்பகுதியில், படங்களைப் பிற இடங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 அமெரிக்க டாலர் கட்டணம் கேட்டது. கட்டணம் கட்டாதோரின் படங்கள் ஒரே நேரத்தில் மறைந்தன. பல்லாண்டு உழைப்பில் எழுந்த குறிப்பேடுகளில் வெற்றுச் சட்டங்களே எஞ்சின. அந்நிறுவனம் பின்னர்த் தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்நிகழ்ச்சி தானாகவே ஒரு திறனாய்வைச் செய்து முடித்தது. 'இதோ படம்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்த பக்கங்கள் ஊமையாயின. ஊரின் கதையைச் சொல்லால் சொல்லியிருந்த பக்கங்களிலோ, படம் போனபின்னும் நகரம் நின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று அளவுகோல்கள் புலனாகும். விளையாட்டின் விதிகளை அறிந்து, அவற்றைக் கேள்விக்கு உட்படுத்தும் தெளிவு முதலாவது. எண்ணாக அன்றி மனிதராக மாந்தரைக் காட்டும் பரிவு இரண்டாவது. படம் மறைந்தாலும் நிற்கும் சொல்வன்மை மூன்றாவது. இம்மூன்றும் அமைந்த நகரம், கணினியில் பிறந்தது என்பதற்காக இலக்கியத்தின் வாயிலில் நிறுத்தப்படவேண்டியதில்லை. இம்மூன்றும் இல்லாத நகரம், கோடி மக்களைக் கொண்டிருப்பினும் வெறும் கணக்கே.

தமிழ்ப் பள்ளி மாணவர் பலரும் இன்று வீட்டில் இத்தகைய நகரங்களை அமைத்து வருகின்றனர். 'விளையாட்டை விட்டுப் படி' என்னும் அறிவுரையோடு ஆசிரியர் நின்றுவிடின், அம்மாணவரின் கற்பனை, மக்கள்தொகையை மட்டும் எண்ணிப் பழகும். 'உன் நகரத்தில் ஆற்றங்கரை வீட்டில் வாழ்பவர் யார்? அவர் பிள்ளை எப்பள்ளிக்குச் செல்கிறது?' என்று ஆசிரியர் கேட்பாராயின், அன்றே அம்மாணவரின் கட்டுரை ஏடு ஒரு நகரத்தைப் பெறும். விடை தேடும் மாணவர், அந்நகரில் பள்ளிக்கும் ஓர் இடம் ஒதுக்குவார்.