கேடீயின் பி.எஸ்.-1: உள்ளங்கையில் ஒரு சரக்குப் பெட்டி

மாடல் ரயில் வாங்குகிறவர்கள் சரக்குப் பெட்டியின் பக்கவாட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். கம்பெனி முத்திரை, நிறம், எழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கேடீ நிறுவனத்தின் எச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) 40 அடி பி.எஸ்.-1 பெட்டியைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது கூரையை. நடுவே ஓடும் நடைபாதை கொசுவலை மாதிரி அத்தனை மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் அதன் கண்ணிகள் வழியே கீழேயுள்ள கூரைத் தகட்டின் புடைப்புகள் தெரிகின்றன. இரு முனையிலும் அகன்று நடுவில் ஒடுங்கும் அந்தப் புடைப்புகளை ரசிகர்கள் 'போ-டை' கூரை என்பார்கள். தூரத்திலிருந்தே இது புல்மன்-ஸ்டாண்டர்ட் பெட்டி என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

அசல் பெட்டியின் கதை 1947-இல் தொடங்குகிறது. பயணிகள் சொகுசுப் பெட்டிகளுக்குப் பேர்போன புல்மன் பெயரைத் தாங்கிய அமெரிக்க நிறுவனம், சரக்குப் பெட்டிக்கும் ஒரு நிலையான வடிவத்தை வகுத்தது. உடல் ஒன்றேதான், கதவு, நடைபாதை, பிரேக் சக்கரம் போன்றவற்றை மட்டும் ரயில் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 40 அடி, 50 அடி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். மாவு மூட்டை, காகிதச் சுருள், டின் உணவு, டயர் என்று இதில் போகாத சரக்கு கிடையாது. கோதுமைகூடப் போனது. கதவு வாயில் உட்புறமாகப் பலகையோ கெட்டிக் காகிதமோ அடித்து அடைத்துவிட்டு, மேலே விட்ட இடைவெளி வழியே தானியத்தைக் கொட்டுவார்கள். இறக்கும்போது அந்த அடைப்பை உடைத்துத் திறக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு இந்தப் பாடு. 1960-களில் சதர்ன் ரயில்வே 'பிக் ஜான்' என்ற பெரிய மூடிய ஹாப்பர் பெட்டிகளைக் கொண்டுவந்த பிறகு, தானியம் மெல்ல மெல்லக் கைமாறியது.

கதவைத் தள்ளிப் பார்த்தேன், நகர்கிறது. கேடீ இதே பெட்டியை 6 அடி, 7 அடி, 8 அடிக் கதவுகளுடன் தனித்தனியாக விற்கிறது. சும்மா ரகம் கூட்டுவதற்காக அல்ல. ஆள் தோளில் மூட்டை சுமந்த காலத்துக்கு 6 அடி போதும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைய வேண்டும் என்றானதும் வாயில் அகன்றது. கதவின் அகலத்தை வைத்தே அந்தப் பெட்டி என்ன மாதிரிக் கிடங்குக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இனி பூதக்கண்ணாடி. பக்கச் சுவரின் மூலையில் பொடி எழுத்தில் 3898 கன அடி என்று இருக்கிறது. உட்புற நீளம் 40 அடி 6 அங்குலம், அகலம் 9 அடி 2 அங்குலம், உயரம் 10 அடி 6 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். பக்கத்தில் எக்ஸ்.எம். என்ற வகைக்குறி: பொதுச் சரக்குக்கான மூடிய பெட்டி. அதற்கு அருகில் கட்டிய மாதமும் ஆண்டும்.

அந்த ஆண்டுதான் என்னைப் பொறுத்தவரை விமர்சனத்தின் உயிர். மாடல் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், இதிலுள்ள பாகங்களெல்லாம் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று கேட்க வேண்டும். 1966-இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு புதுப் பெட்டிகளுக்குக் கூரை நடைபாதை கிடையாது. பழையவற்றிலும் படிப்படியாகக் கழற்றினார்கள். வண்ணக் கோடுகள் கொண்ட அடையாளப் பட்டை 1967-க்கு முன் இருக்க வாய்ப்பில்லை. சக்கரச் சோதனைக்கான மஞ்சள் புள்ளி 1978-இல் வந்தது. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் இந்தக் காலங்கள் எல்லாம் ஒரே சுவரில் குடியிருக்கும். முத்திரை அழகாக இருந்தால் போதும் என்று அச்சடித்துவிடுவார்கள். கேடீ இந்த விஷயத்தில் கறார். எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற கதவையும் பிரேக் சக்கரத்தையும் மாட்டுகிறது.

ஓட்டத்துக்கு வருவோம். இணைப்பிகள் கேடீயின் சொந்தச் சரக்கு. அந்த நிறுவனம் புகழ்பெற்றதே அவற்றால்தான். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த காந்தத்தின் மேல் நிறுத்தினால், கீழே தொங்கும் கம்பிகள் விலகி இணைப்பு கழன்றுகொள்ளும். அந்தக் கம்பியே பார்வைக்குப் பிரேக் குழாயாகவும் தெரிகிறது. அசலில் இந்த முட்டி இணைப்புக்கு எலி ஜேனி 1873-இல் காப்புரிமை பெற்றார். நம்மூர் சரக்கு ரயில்களின் நடு இணைப்பியும் இதே வம்சம்தான்.

சக்கரத்தில் நிஜத்தோடு ஒரு சமரசம் தெரிகிறது. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைக்கும் வழக்கமான எச்.ஓ. சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம். அசலை 87-ஆல் வகுத்தால் 0.066 கூட வராது. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் தடித்திருக்கிறது. ஆனால் வீட்டு லேஅவுட்டின் பாயின்ட்களில் தடம் புரளாமல் போக இந்தத் தடிப்பு வேண்டும். எடையிலும் இதே கதைதான். காலி அசல் பெட்டி ஏறத்தாழ 20 டன்; மூன்று பக்கமும் 87 மடங்கு சுருக்கினால் 30 கிராம்தான் மிஞ்சும். அதை வைத்து ரயில் ஓட்ட முடியாது. சங்கத்தின் கணக்குப்படி 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் வேண்டும். எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் வாங்கியதும் தராசில் வைத்துவிடுங்கள். குறைந்தால் உள்ளே ஈயத்துண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

விலை? அக்யுரெயில் என்ற இன்னொரு நிறுவனத்தின் கிட் இரண்டு வாங்குகிற காசு. அக்யுரெயிலில் ஏணிகள் சுவரோடு வார்க்கப்பட்டிருக்கும், ஆனால் முரட்டுக் கைக்குத் தாங்கும். முப்பது பெட்டி கொண்ட நீள ரயில் ஓட்ட ஆசையா, குழந்தைகள் எடுத்து விளையாடும் வீடா, அதையே வாங்குங்கள். அத்தெர்ன் நிறுவனம் நீல அட்டைப்பெட்டியில் விற்ற பழைய கிட்டுகள் இரண்டாம் கையாகக் கிடைக்கும். கதவுத் தண்டவாளம் பருமன்தான், ஆனாலும் அவற்றின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. முகத்தருகே வைத்துப் பார்க்கும் நாலைந்து பெட்டிகளுக்கு மட்டும் கேடீ.

1970-களின் ரயில் ஓட்டுபவர்கள் இதை வாங்கினால் கொஞ்சம் வேலை இருக்கிறது. நடைபாதையைக் கழற்றுங்கள். அதன் அடித்தாங்கிகளை விட்டுவிடலாம். அசலிலும் பல பெட்டிகளில் அப்படியே விட்டிருந்தார்கள். ஏணிகளைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். பிரேக் சக்கரம் மேலேயே இருக்கிறது என்றால் அதை ஒட்டிய ஏணியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏறிப்போய்ச் சுழற்ற ஆள் வேண்டுமே.