பிருங்கி முனிவரும் 446 பைட்டும்

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லதா கெட்டதா என்று அது ஓடும்போது பார்த்துப் பிரயோஜனமில்லை. ஓடும்போது எல்லாமே அழகுதான், கல்யாண ஆல்பத்தில் எல்லா மாப்பிள்ளையும் அழகாக இருப்பது போல. கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாளில் அது நம்மிடம் என்ன சொல்கிறது, எந்த பாஷையில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பரீட்சையில் லினக்ஸ் ஃபெயில். சொல்வது லினக்ஸ் விரோதி இல்லை. வருஷக்கணக்காக அதில்தான் கட்டுரை டைப் செய்கிறேன். அந்த உரிமையில் திட்டுகிறேன்.

2011 செப்டம்பரில் ஆரம்பித்த தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் ஞாபகமிருக்கும். அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் வெளியிட்டது. டெபியன் லினக்ஸை எடுத்து, மெனுக்களைத் தமிழ் உட்பட நம் மொழிகளில் காட்டுகிற மாதிரி செய்திருந்தார்கள். உருப்படியான வேலை. சந்தேகமில்லை.

ஒரு உடம்பில் இரண்டு பேர். வாசுதேவநல்லூர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஊர் சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பாதி இவர், பாதி அவர். ஸ்விட்ச் போட்டதும் யார் வரவேண்டும் என்று கேட்பதற்கு நடுவில் ஒரு துவாரபாலகர். அவர் பெயர் ‘க்ரப்’. 1995-ல் எரிக் போலின் என்பவர் எழுத ஆரம்பித்த புரோகிராம்.

சில வருஷம் முன்பு அந்த ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தபோது ப்ளஸ் டூ பையன் ஒருவன் அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். கறுப்புத் திரையில் இரண்டே வரி. ‘எர்ரர்: நோ சச் பார்ட்டிஷன்’. அதற்குக் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி ஒரு கர்ஸர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“என்னடே பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணலண்ணே. படம் ஏத்த எடம் பத்தல. பாஸ்னு ஒண்ணு சும்மாதான கெடக்குனு அழிச்சேன்.”

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, “வாரத்துக்கு நாலு இப்படி வரும், அண்ணாச்சி. மொத்தமா ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுருவேன்” என்றார். பையனின் ப்ராஜெக்ட், போட்டோக்கள்? “அதெல்லாம் போயிரும்லா.” காப்பி எடுத்துவிட்டுச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். “அதுக்கு அரை மணி நேரம் ஆவும். ஃபார்மட்னா போட்டுட்டு டீ குடிக்கப் போயிரலாம்.” அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைக்கிற கூலிக்கு டீதான் கட்டுப்படியாகும்.

விஷயம் என்னவென்றால், பையனின் விண்டோஸ் ஃபைல் ஒன்றுகூட அப்போது அழிந்திருக்கவில்லை!

பி.காம். பாஷையில் சொல்கிறேன். பேரேட்டில் எல்லாக் கணக்கும் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் இன்டெக்ஸ் மட்டும் கிழிந்துவிட்டது. அந்தக் கால பயாஸ் முறையில், ஸ்விட்ச் போட்டதும் மெஷின் படிப்பது ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட். அதில் கிளப்பிவிடும் புரோகிராமுக்கு ஒதுக்கியது 446 பைட்தான். ஒரு எஸ்.எம்.எஸ். 140 பைட், அப்படி மூன்று எஸ்.எம்.எஸ். அளவு. அதற்குள் துவாரபாலகர் முழுசாக உட்கார முடியாது. எனவே தலை இங்கே, கழுத்து அதற்கடுத்த காலி இடத்தில், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் ஒரு ஃபோல்டரில். பையன் லினக்ஸை அழித்தபோது உடம்பு போய்விட்டது. தலையும் கழுத்தும் மட்டும் மிச்சமிருந்து ‘ரெஸ்க்யூ’ என்று கத்துகிறது.

பிருங்கி முனிவர் சிவனை மட்டும் சுற்றி வருவேன், அம்பாளைச் சுற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த கதை தெரியுமல்லவா? சக்தியை விட்டதால் நிற்கவே தெம்பில்லாமல் போனார். பாதியை வேண்டாம் என்றால் மீதியும் எழுந்து நிற்காது. விண்டோஸுக்கு நடந்ததும் அதுதான்.

இப்போது என் புகார். அந்தக் கறுப்புத் திரையில் ‘ஹெல்ப்’ என்று டைப் செய்து பாருங்கள். ‘அன்நோன் கமாண்ட்’ என்று பதில் வரும். தன் பெயரிலேயே மீட்பு என்று வைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் உதவி என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நாலைந்து கட்டளைகள். அவை எவை என்றும் சொல்லாது. டெஸ்க்டாப்பில் தமிழ் கொஞ்சி விளையாடும், நெஞ்சுவலி வந்தால் மட்டும் நோயாளி இங்கிலீஷில்தான் முனக வேண்டும்.

இடமில்லை என்பார்கள். தமிழ் எழுத்துரு வைக்க இடமில்லை என்பது நியாயம்தான். பழைய டிஸ்க்குகளில் அந்தக் கழுத்துப் பகுதிக்குக் கிடைத்தது 31,744 பைட். ஆனால் ‘உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருக்கலாம், எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள்’ என்று இங்கிலீஷிலாவது ஒரு வரி எழுத நூறு பைட் போதாதா? அதுவும் முடியாதா, லேப்டாப்பின் அடியில் நாலு வரித் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். மூடியில் முதல்வர் படத்துக்கு இடம் இருந்ததே.

இந்த அலட்சியத்தின் வேர் லினக்ஸ் பிறந்த விதத்தில் இருக்கிறது. 1991 ஆகஸ்ட்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லித்தான் அதை அறிவித்தார். அப்போது அவர் மெஷினில் மினிக்ஸும் இருந்தது. கொஞ்ச நாளில், மோடத்தை டயல் செய்யப் போன ஆசாமி தவறுதலாக ஹார்டு டிஸ்க்கை ‘டயல்’ செய்து, மினிக்ஸ் பகுதியின் முக்கியமான இடங்களை அழித்துவிட்டார். மினிக்ஸ் கிளம்பவில்லை. மறுபடி போடுவானேன் என்று முழுசாக லினக்ஸுக்கே மாறிவிட்டார். எழுதினவனே பயன்படுத்துகிறவன் என்றால் இது சுவாரசியமான விபத்து. மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய பையனுக்கு அது விபத்து மட்டுமே. பொழுதுபோக்காளர் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பை, அரசாங்கம் அப்படியே பள்ளிக்கூடப் பையில் போட்டு அனுப்பியது.

பொழுதுபோக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2001-ல் ஆரம்பித்த ‘ஹைக்கூ’ என்றொரு சிஸ்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஆர்வலர்களின் கைங்கரியம். அதன் முன்னோடியான பிஓஎஸ்ஸின் பிரவுசர், தப்பு நேர்ந்தால் ஹைக்கூ கவிதையில் சொல்லும். பெயர் அங்கிருந்து வந்தது. கவிதையை விடுங்கள். கிளம்பும்போது ஷிஃப்ட் கீயை அழுத்தினால் ஒரு மெனு வரும். அப்டேட் செய்து கெட்டுப்போயிருந்தால், அப்டேட்டுக்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்தே கிளப்பலாம். உபரி டிரைவர்களை ஒதுக்கிவைத்தும் கிளப்பலாம். பிரிண்டருக்கும் வைஃபைக்கும் ஹைக்கூவை நம்புவது கஷ்டம். ஆனால் விழுந்தவனைத் தூக்கிவிடும் மரியாதை இருக்கிறது.

வீட்டில் அப்படியொரு பழைய லேப்டாப் கறுப்புத் திரையோடு கிடந்தால், வேறு மெஷினில் ஒரு ‘லைவ்’ லினக்ஸ் பென் டிரைவ் தயார் செய்து அதிலிருந்து கிளப்புங்கள். ஃபைல்கள் தெரியும். முதல் வேலையாகக் காப்பி எடுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன் இருக்கிறது, க்ரப் மட்டும் போயிற்று என்றால் (விண்டோஸை மறுபடி போட்டால் நடப்பது இதுதான்) அந்த பார்ட்டிஷனுக்குள் நுழைந்து ‘க்ரப் இன்ஸ்டால்’, ‘அப்டேட் க்ரப்’ என்று இரண்டு கட்டளை. துவாரபாலகர் தலை, கழுத்து, உடம்போடு திரும்புவார். அந்தப் பையன் மாதிரி லினக்ஸையே அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வேண்டும் என்றால், விண்டோஸ் டிஸ்க்கில் ரிப்பேர் பகுதி இருக்கிறது. ‘பூட்ரெக்’ என்ற கட்டளை அந்த 446 பைட்டைத் திரும்ப எழுதிவிடும். யூஇஎஃப்ஐ வந்தபிறகு வந்த மெஷின்களில் இந்த ஃபைல்கள் தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷனில் இருக்கும். அதை யாரும் இடம் பிடிப்பதற்காக அழிக்காதிருக்க வேண்டும்.

தள்ளாடிய பிருங்கிக்கு சிவன் கடைசியில் மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தார். கடையில் கேட்டால் அதைத்தான் பென் டிரைவ் என்று தருவார்கள்.