சுவரைச் சுரண்டுதல்

1877 மார்ச்சில் வில்லியம் மாரிஸ் 'அதீனியம்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைக் கட்டடக்கலைக்காரர்கள் மட்டுமே பேசுகிறார்கள். எனக்கு அது விமர்சனம். இங்கிலாந்தில் டியூக்ஸ்பரி மடாலயக் கோயிலை ஸர் கில்பர்ட் ஸ்காட் புதுப்பிக்கப் போகிறார் என்று பேப்பரில் பார்த்த கோபத்தில் எழுதியது. புதுப்பித்தல் அல்ல, அழித்தல் என்கிறார் மாரிஸ். அந்த மாதமே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. சாந்தைச் சுரண்டிக் கல்லைக் காட்டும் அன்றைய மோகத்தை எதிர்த்ததால் 'சுரண்டல் எதிர்ப்பு' என்று பட்டப்பெயர்.

ஸ்காட்டின் தலைமுறைக்கு ஒரு கோயிலுக்கு ஒரு சரியான காலம் உண்டு, மற்றவை அழுக்கு. ஆனால் டியூக்ஸ்பரியில் எந்தக் காலம் சரி? 1121இல் அர்ப்பணித்த நார்மன் கட்டடம். பதினான்காம் நூற்றாண்டில் கிழக்குப் பகுதியையே மாற்றிக் கட்டினார்கள். 1471இல் போரில் தோற்று உள்ளே தஞ்சம் புகுந்தவர்களை வெளியே இழுத்துக் கொன்றார்கள். 1540இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தபோது ஊரார் 453 பவுன் கொடுத்துக் கோயிலை வாங்கினார்கள். அது சிற்பத்துக்குப் போட்ட விலையல்ல, மணிகளுக்கும் கூரை ஈயத்துக்கும் போட்ட விலை. மாதாவின் சிற்றாலயம் இடிபட்டது. ரசனையால் மட்டுமே தப்பிய கட்டடம் அல்ல இது. ஊருக்குத் தொழ ஓர் இடம் வேண்டியிருந்தது.

முன்னோரும் மாற்றினார்களே என்ற கேள்விக்கு மாரிஸிடம் பதில் உண்டு. அவர்கள் தங்கள் காலத்து பாணியில் ஒளிவுமறைவின்றி மாற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டோ பதின்மூன்றின் கையெழுத்தைப் போலிசெய்கிறது. சரியான பேச்சு. அதற்கு விலையும் கொடுத்தார்: பழைய கோயில்களுக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்துகொடுப்பதைத் தம் கம்பெனி நிறுத்தும் என்று அறிவித்தார். கைக்காசை இழக்கத் தயாரான விமர்சகரிடம் எனக்கு மரியாதை உண்டு.

இடறுவது வேறிடத்தில். பழுதுபார்க்கலாம், எதையும் சேர்க்கக்கூடாது என்றால், தன் காலத்துக்குச் சொந்தமாக ஒரு பாணி இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிறது. இந்த அவநம்பிக்கையோடு 1889க்குப் பிறகு அவர் எழுதிய உரைநடைக் காதைகளைப் படித்தால் திகைப்புதான். வழக்கொழிந்த சொற்கள், இடைக்கால வாக்கியக் கட்டு. கல்லில் கூடாதென்றதைச் சொல்லில் அவரே செய்கிறார். அது வேறு, புதிதாகக் கட்டியது, பழைய சுவரைத் தொடவில்லை என்று அவருக்காக வாதாடலாம். வாதாடிப் பார்த்தேன், எனக்கே திருப்தியில்லை. மொழியும் பழைய சுவர்தானே?

டியூக்ஸ்பரி வேலை நிற்கவில்லை. ஸ்காட் 1878இல் இறந்தார், 1879இல் முடித்தார்கள்.