கருவி வந்தது; கல்வி வந்ததா?

பள்ளிக்குப் புதிய கருவி ஒன்று வந்து சேருமானால் அதனை வரவேற்க மாலையும் மேடையும் ஆயத்தமாகின்றன. ஓராண்டு சென்றபின், அக்கருவியால் மாணவன் கூடுதலாகக் கற்றது என்ன என்று கேட்பதற்கு மட்டும் எவரும் மேடை அமைப்பதில்லை. வானொலி வந்த காலத்திலும், தொலைக்காட்சி வந்த காலத்திலும், கணினி வந்த காலத்திலும் இதுவே வழக்கமாயிற்று. இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் பெயருடன் அடுத்த விருந்தாளி வாயிலில் நிற்கிறது. உள்ளே அழைப்பதற்கு முன், முன்னர் வந்துபோன விருந்தாளிகளின் வரவு செலவைப் புரட்டிப் பார்ப்பது ஆசிரியர்க்கு உரிய கடமையாகும். அவ்வாறு புரட்டுங்கால் முதலில் கண்ணிற் படுவது தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கணக்கு.

பெரு நாட்டுச் சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கலாஸ் நெக்ரோபாண்டி என்பார் 2005ஆம் ஆண்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்னும் திட்டத்தை உலகின் முன் வைத்தார். ஒரு கணினியின் விலை 100 டாலர் என்பது அன்று கூறப்பட்ட இலக்கு. நடைமுறையில் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. கருவியைக் கையில் கொடுத்தால் போதும், குழந்தை தானே தேடித் துருவிக் கற்றுக்கொள்ளும் என்பது திட்டத்தின் அடிப்படை நம்பிக்கை. பல நாடுகள் இதனை ஏற்றன. அவற்றுள் பெரு நாடு 8 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கி முன்னின்றது.

பெரு நாடு பாராட்டுக்குரியதாவது கணினி வாங்கியதனால் அன்று. வாங்கியதன் பயனை அளந்து பார்க்க இடங்கொடுத்ததனாலேயே ஆகும். அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 சிற்றூர்ப் பள்ளிகளை எடுத்துக்கொண்டனர். எந்தப் பள்ளிகளுக்கு முதலில் கணினி கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஆகவே, கிடைத்த பள்ளிகளும் கிடைக்காத பள்ளிகளும் மற்றெல்லா வகையிலும் ஒத்தனவாக இருந்தன. ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின் இரு திறத்தாரையும் ஒப்பிட்டனர். முடிவு 2012இல் வெளியாயிற்று.

திட்டத்திற்கு உட்பட்ட பள்ளிகளில் நூறு மாணவர்க்கு 12 கணினிகள் என்றிருந்த நிலை 118 என்று உயர்ந்தது. பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளைகள் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்தினர். ஆனால் கணக்கிலும் மொழியிலும் அவர்களது தேர்ச்சி, கணினி பெறாத மாணவரது தேர்ச்சியைவிட உயரவில்லை. ஒவ்வொரு கணினியிலும் 200 நூல்கள் பதியப்பெற்றிருந்தன. அப்படியிருந்தும் வாசிப்புப் பழக்கம் வளரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சில தேர்வுகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது.

இருவேறு கட்சியினர்

இம்முடிவைக் கண்டு இருவேறு கட்சியினர் எழுந்தனர். கணினியால் கல்விக்குப் பயனே இல்லை என்றனர் ஒரு சாரார். தேர்வுத்தாள் அளக்க முடியாத நுண்ணிய நன்மைகளைக் குழந்தைகள் பெற்றிருப்பர் என்றனர் மற்றொரு சாரார்.

முதற் கட்சி அவசரப்பட்டது. அந்தச் சோதனையில் அளக்கப்பட்டது கணினியின் ஆற்றல் முழுவதும் அன்று. பெரும்பாலான பள்ளிகளில் இணைய வசதி கிடையாது. பாடத்தோடு கணினியை எவ்வாறு இணைப்பது என்பதற்கு ஆசிரியர்க்குப் போதிய வழிகாட்டல் கிட்டவில்லை. கருவியைத் தனியே கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கே அவ்வாய்வு விடை தந்தது. ஏரைக் கொண்டுபோய் வயலில் வைத்துவிட்டு, உழுபவனை அமர்த்தாமல், விளைச்சல் இல்லை என்று ஏரை ஏசுதல் முறையாகாது.

இரண்டாம் கட்சியின் கூற்றில் தொடக்கத்தில் ஓரளவு உண்மை இருந்தது. சிந்தனைத் திறனில் கண்ட சிறு முன்னேற்றம் அதற்குச் சான்றாக நின்றது. ஆனால் காலம் அந்தச் சான்றையும் கரைத்துவிட்டது. பின்னர் 531 பள்ளிகளைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தனர். படிப்புத் தேர்ச்சி உயரவில்லை. உயர்நிலைப் பள்ளியை முடிப்போரும் பல்கலைக்கழகம் புகுவோரும் மிகவில்லை. சிந்தனைத் திறனிலும் வேற்றுமை தென்படவில்லை. கணினியை இயக்கும் திறன் ஒன்றே எஞ்சிற்று. 'அளக்க முடியாத நன்மை' என்பது பலவேளைகளில் அளந்து பார்க்க அஞ்சுவோரின் புகலிடமாகிவிடுகிறது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தில்லியில் கண்டது

இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று தில்லியில் உண்டு. 2015இல் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கணினிவழிப் பயிற்சியை 619 மாணவரிடையே சோதித்தனர். இங்கும் குலுக்கல் முறையே கையாளப்பட்டது. பள்ளி நேரத்திற்குப் பின் வாரம் ஆறு நாள், நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி நடந்தது. அதில் பாதி நேரம் கணினியோடு. மறுபாதி நேரம் சிறு குழுவில் பயிற்றுநரோடு. ஏறத்தாழ நாலரை மாதத்தில், குலுக்கலில் இடம்பெற்ற மாணவர் கணக்கில் 0.37 திட்டவிலக்கமும் இந்தி மொழியில் 0.23 திட்டவிலக்கமும் முன்னேறினர். கல்வித் திட்டங்களில் இது குறிப்பிடத்தக்க ஏற்றமாகும்.

இதன் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆறாம் வகுப்பில் இருந்த மாணவன், கணக்கில் சராசரியாக இரண்டரை ஆண்டு பின்தங்கியிருந்தான். வகுப்பறையில் ஆறாம் வகுப்புப் பாடம் ஓடிக்கொண்டிருக்க, அவன் மனமோ நான்காம் வகுப்பிலேயே நின்றது. அந்தக் கணினிப் பயிற்சி அவன் நின்ற இடத்தை முதலில் கண்டறிந்து, அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துச் சென்றது. பெரு நாட்டில் கருவிக்கு வேலை இன்னதென்று வகுக்கப்படவில்லை, தில்லியில் வகுக்கப்பட்டது. வெற்றி தோல்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எனினும் தில்லி ஆய்வையும் கண்மூடிப் போற்றுதல் தகாது. கணினியும் பயிற்றுநரும் சேர்ந்தே இயங்கியதால், முன்னேற்றத்தில் கணினியின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூற அவ்வாய்வில் வழியில்லை. விற்பனைக்கு வருவோர் இந்த ஆய்வைச் சுட்டும்போது பயிற்றுநரை மறந்து கணினியை மட்டும் பேசுவாராயின், அவர் பாதிக் கணக்கையே காட்டுகிறார் என்று கொள்க.

மலேசியாவின் எண்ணிக்கை

மலேசியாவில் நிகழ்ந்ததும் இங்கு எண்ணத்தக்கது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியும் மெய்நிகர்க் கற்றல் தளமும் வழங்க 'ஒன்பெஸ்தாரிநெட்' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. அக்கற்றல் தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்றும், அந்த அளவு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை என்றும் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிற்று. திட்டம் 2019இல் முடிவுற்றது.

கணக்காய்வாளர் தம் கடமையைச் செய்தார். பொதுப்பணம் போன வழியைக் காட்டினார். ஆயினும் அவ்வறிக்கையைப் பற்றி நிகழ்ந்த விவாதங்கள் எல்லாம் எத்தனை பேர் தளத்தினுள் புகுந்தனர் என்ற எண்ணிக்கையையே சுற்றிச் சுழன்றன. எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூறாக இருந்திருந்தால் திட்டம் வென்றதாகிவிடுமா? பெரு நாட்டில் பயன்பாடு மிகுந்தது, கற்றல் மிகவில்லை. பயன்படுத்தாத கருவி பயன்தராது என்பது உண்மை. பயன்படுத்திய கருவியெல்லாம் பயன்தரும் என்பது உண்மையன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே மதிப்பீட்டில் நேரும் பெரும்பிழை.

தமிழ் வகுப்பிற்கு ஓர் அளவுகோல்

சிங்கப்பூரில் 2018 முதல் மாணவர் கற்றல் தளம் வழங்கி வருகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் சொந்தக் கணினிக் கருவி கிடைக்கச் செய்யும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டிற்கென முற்படுத்தப்பட்டது. மலேசியாவிலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் வாயிலைப் புதிய கருவிகள் தட்டிய வண்ணம் உள்ளன. இந்நிலையில் தமிழாசிரியர் கையில் தமிழுக்கே உரிய அளவுகோல் ஒன்று இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: மாணவன் ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறான், திரையில் தமிழ்ச் சொல் தோன்றுகிறது. பிழையற்ற கட்டுரை ஒன்று ஆசிரியர்க்கு வந்து சேர்கிறது. ஆனால் 'பள்ளி' என்பதில் வரும் ளகரத்தையும் 'பல்லி' என்பதில் வரும் லகரத்தையும் தேர்ந்தவன் மாணவனா, கருவியா? ரகர றகர வேற்றுமையை அறிந்தவன் யார்? கட்டுரையை மட்டும் திருத்தி மதிப்பெண் இடுபவர் கருவிக்கு மதிப்பெண் இடுகிறாரேயன்றி மாணவனுக்கு அன்று. அதே மாணவனிடம் வெள்ளைத்தாளும் எழுதுகோலும் கொடுத்துப் பத்து வரி எழுதச் சொன்னால் உண்மை விளங்கிவிடும். கருவியோடு செய்ததைக் கருவியின்றியும் செய்ய வல்லவனா என்று பார்ப்பதே கற்றலை அளக்கும் முதற்படி.

பேச்சுத் தமிழுக்கும் இது பொருந்தும். வீட்டில் தமிழ் புழக்கம் குறைந்துவரும் சூழலில், திரையை நோக்கி மௌனமாய் விடைகளைத் தட்டும் பாடவேளை, அக்குழந்தைக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய ஒரே தமிழ் உரையாடலைப் பறித்துக்கொள்ளலாம். அவ்விழப்பு எந்தத் தளத்தின் பதிவேட்டிலும் ஏறாது. குழந்தையின் குரலைப் பதிந்து திரும்பக் கேட்கச் செய்யும் கருவியோ அதே பாடவேளையில் நன்மை பயக்கக்கூடும். ஆகையால் கருவி நல்லதா தீயதா என்ற வினா பயனற்றது. எந்தக் குறையைத் தீர்க்க எந்தக் கருவி என்பதே வினா.

கேட்டற்குரிய வினாக்கள்

இவற்றிலிருந்து சில வினாக்கள் தாமே பிறக்கின்றன. மாணவரிடம் உள்ள எந்தக் குறையைத் தீர்க்க இக்கருவி வருகிறது? கருவி வருவதற்கு முன் அவர்தம் நிலை குறித்து வைக்கப்பட்டதா? கருவி பெறாத இணையான வகுப்பு ஒன்றோடு ஒப்பிட ஏற்பாடு உண்டா? இதே பணத்தையும் நேரத்தையும் கதை நூல்களுக்கோ, துணை ஆசிரியர்க்கோ செலவிட்டால் கிடைக்கும் பயன் எவ்வளவு? ஆசிரியர்க்குப் பயிற்சி ஒருநாள் சடங்கா, ஆண்டு முழுதும் தொடர்வதா? எத்தகைய விளைவு கண்டால் இத்திட்டத்தைக் கைவிடுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டதா?

இறுதி வினா பலர்க்கும் கசப்பானது. தோல்வி என்பதற்கு இலக்கணம் வகுக்காத திட்டம் ஒருபோதும் தோற்பதில்லை, தோற்பவர் மாணவரே. மேற்கண்ட வினாக்களைக் கேட்கப் பல்கலைக்கழகப் பட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. இரண்டு வகுப்புகளும், ஒரு குறிப்பேடும், பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கும் ஒரே வகையான இரு தேர்வுகளும் இருந்தால், எந்தத் தமிழாசிரியரும் தம் பள்ளியளவில் இதனைத் தொடங்கலாம். இரு வகுப்புகளைக் கொண்டு நாட்டுக்கு முடிவு கூற இயலாது. ஆனால் அடுத்த கருவி வரும் நாளில், விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தலையசைக்க வேண்டிய நிலை அவ்வாசிரியர்க்கு இராது.